சர்வர்ல நேரா கை வைக்காதீங்க: வெப்சைட் ஃபைலைப் பாதுகாப்பா மாத்துறது எப்படி?

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து தொகுத்தது. படிக்க வசதியாக சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் ஒரு குற்ற ஒப்புதல்லேருந்து ஆரம்பிக்குது. குற்றவாளி நான்தான்.

சில வருஷம் முன்னாடி, தீபாவளிக்கு 12 நாள் இருக்கு. என் சித்தி வீட்டிலேயே முறுக்கு, அதிரசம், ரிப்பன் பக்கோடா செஞ்சு விக்கிறாங்க. அவங்களுக்கு ஒரு சின்ன வெப்சைட் நான் பண்ணிக் கொடுத்திருந்தேன். பெரிய விஷயம் இல்ல. ஒரு பக்கத்துல விலைப் பட்டியல், கீழ ஒரு படிவம். பேர், போன் நம்பர், எத்தனை கிலோன்னு நிரப்பி அனுப்பினா, சர்வர்ல இருக்கற ஒரு சிஎஸ்வி ஃபைல்ல ஒரு வரி கூடும். அவ்வளவுதான்.

அன்னைக்குச் சாயங்காலம் சித்தி போன் பண்ணாங்க. "டேய், நாப்பத்திமூணு ஆர்டர் வந்துருச்சுடா! எண்ணெய் விலை ஏறிடுச்சு, முறுக்கு கிலோ 380ன்னு இருக்கறத 420ன்னு மட்டும் மாத்திடு."

ஒரே ஒரு எண்ணை மாத்தணும். ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு லேப்டாப்பைத் திறந்தேன். ஃபைல்ஜில்லாவுல சர்வருக்குள்ள போய், அந்த பிஎச்பி ஃபைல் மேல ரைட் கிளிக் பண்ணி, 'வியூ/எடிட்' கொடுத்து, 380ஐ 420ஆக மாத்தி, சேவ் பண்ணி, அப்லோட் கொடுத்து, எடிட்டரை மூடிட்டேன். வெப்சைட்டைத் திறந்தா வெள்ளைப் பக்கம். ஒண்ணுமே இல்ல.

விலையை மாத்தும்போது பக்கத்துல இருந்த ஒரு கமாவையும் சேர்த்து அழிச்சிருக்கேன். பிஎச்பியில பட்டியலுக்கு நடுவுல ஒரு கமா போனா மொத்தப் பக்கமும் படுத்துடும். ஆனா அது எனக்கு அப்போ தெரியாது. பழைய ஃபைல் கையில இல்ல. பதற்றம். லேப்டாப்புல ஆறு மாசத்துக்கு முன்னாடி வெச்சிருந்த மொத்த ஃபோல்டரையும் இழுத்து சர்வர்ல போட்டேன். "ஏற்கனவே இருக்கு, மேலெழுதவா?"ன்னு கேட்டுச்சு. "எப்பவும் இதையே செய்"ன்னு டிக் பண்ணி ஓகே கொடுத்தேன்.

சைட் வந்துடுச்சு. நிம்மதியா ஒரு மூச்சு விட்டேன். அடுத்த நிமிஷம்தான் உறைச்சுது. அந்தப் பழைய ஃபோல்டருக்குள்ள ஒரு ஆர்டர் ஃபைலும் இருந்துச்சு. நான் டெஸ்ட் பண்ணும்போது போட்ட ரெண்டே ரெண்டு வரி. அது இப்போ சித்தியோட 43 ஆர்டர் மேல ஏறி உக்காந்துடுச்சு.

மிச்சக் கதையைக் கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி அந்த ராத்திரி நான் செஞ்ச தப்பு ஒவ்வொண்ணையும் பிரிச்சுப் பார்க்கலாம். ஏன்னா, அதுல ஒண்ணு கூட அபூர்வமான தப்பு இல்ல. வேர்ட்பிரஸ்ல ஒரு தீம் மாத்துறவங்க, காலேஜ் ப்ராஜெக்ட் ஹோஸ்ட் பண்றவங்க, நண்பனோட ஸ்டூடியோவுக்கு சைட் பாத்துக்கறவங்க, எல்லாரும் ஒரு நாள் செய்யற தப்புதான்.

முதல்ல: சர்வர்ல இருக்கறது மூணு வகை

ஒரு வெப்சைட்டோட ஃபோல்டரைத் திறந்தா எல்லாமே ஃபைலாத்தான் தெரியும். ஆனா அதுக்குள்ள மூணு வேற வேற பொருள் இருக்கு. இதைப் பிரிச்சுப் பார்க்கத் தெரிஞ்சா பாதி ஆபத்து போயிடும்.

ஒண்ணு, நீங்க எழுதினது. எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட், பிஎச்பி. இது உங்க லேப்டாப்புல பிறந்து சர்வருக்குப் போகணும். பயணம் எப்பவும் ஒரே திசையில.

ரெண்டு, மத்தவங்க எழுதினது. ஆர்டர், கமென்ட், பயனர்கள் ஏத்தின படம், டேட்டாபேஸ். இது சர்வர்ல பிறக்குது. இதோட பயணம் நேர் எதிர்த் திசை. சர்வர்லேருந்து உங்க கைக்கு பேக்கப்பா வரணும்; உங்ககிட்டேருந்து சர்வருக்குப் போகவே கூடாது.

மூணு, ரகசியம். டேட்டாபேஸ் பாஸ்வேர்ட், பணம் வாங்கற சேவையோட சாவி. இது சர்வர்ல ஒண்ணாவும் லேப்டாப்புல வேறயாவும் இருக்கணும். ரெண்டும் கலக்கக் கூடாது.

நான் பண்ண பெரிய தப்பு கமாவை அழிச்சது இல்ல. முதல் வகையையும் ரெண்டாம் வகையையும் ஒரே ஃபோல்டர்ல போட்டு வெச்சு, ஒரே இழுப்புல அப்லோட் பண்ணதுதான். போதாக்குறைக்கு அந்த ஆர்டர் ஃபைல் பொது ஃபோல்டருக்குள்ள இருந்துச்சு. அதாவது முகவரியை ஊகிச்சு பிரவுசர்ல அடிச்சா, யார் வேணாலும் சித்தியோட வாடிக்கையாளர்களின் பேரையும் போன் நம்பரையும் டவுன்லோட் பண்ணியிருக்கலாம். நல்லவேளை, யாரும் அடிக்கல. ஹோஸ்டிங்ல 'பப்ளிக் எச்டிஎம்எல்'னு ஒரு ஃபோல்டர் இருக்கும் பாருங்க, அதுக்குள்ள இருக்கறது தெருவுல வெச்ச மாதிரி. ரகசியமும் தரவும் அதுக்கு வெளிய இருக்கணும்.

வேர்ட்பிரஸ் வெச்சிருக்கறவங்களுக்கு ஒரு குறிப்பு. உங்க பதிவுகள், பக்கங்கள், கமென்ட் எதுவும் ஃபைல்ல இல்ல. எல்லாம் டேட்டாபேஸ்ல இருக்கு. ஃபோல்டரை மட்டும் டவுன்லோட் பண்ணிட்டு "பேக்கப் எடுத்துட்டேன்"னு நினைச்சா, வீட்டு ஜன்னல், கதவெல்லாம் பத்திரமா இருக்கும், வீட்டுல ஆள் இருக்க மாட்டாங்க. டேட்டாபேஸைத் தனியா எக்ஸ்போர்ட் பண்ணணும்.

பேக்கப்: எடுத்தா போதாது, திறந்து பாருங்க

எதைத் தொடறதுக்கும் முன்னாடி, சர்வர்ல இப்போ இருக்கறதை முழுசா இறக்கி, தேதி போட்ட ஒரு ஃபோல்டர்ல வைங்க. 'சைட்-புதுசு', 'சைட்-ஃபைனல்', 'சைட்-ஃபைனல்-உண்மையா'ன்னு பேர் வைக்காதீங்க. வருஷம், மாசம், நாள் அந்த வரிசையில வைங்க. கம்ப்யூட்டர் தானா வரிசைப்படுத்திக் காட்டும். அந்த ஃபோல்டரை அதுக்கப்புறம் தொடவே கூடாது. வேலை செய்ய இன்னொரு நகல் எடுத்துக்கோங்க.

அடுத்தது, பலரும் விடற படி: அந்த பேக்கப் உண்மையிலேயே வேலை செய்யுதான்னு பார்க்கறது.

2017 ஜனவரி 31 அன்னைக்கு கிட்லாப்ல நடந்ததை நினைச்சுப் பாருங்க. உலகம் முழுக்க மென்பொருள் எழுதறவங்க தங்கள் கோடை வெச்சிருக்கற சேவை அது. டேட்டாபேஸ் பிரச்சினை ஒண்ணை ராத்திரி வரைக்கும் சரி பண்ணிட்டிருந்த ஒரு பொறியாளர், ரெண்டாவது சர்வர்ல இருந்த ஃபோல்டரை அழிக்க நினைச்சு, முதன்மை சர்வர்ல அந்தக் கட்டளையைக் கொடுத்துட்டார். சில நொடியில தப்பு தெரிஞ்சு நிறுத்தறதுக்குள்ள, சுமார் 300 ஜிபில மிஞ்சினது 4.5 ஜிபி.

சரி, பேக்கப் இருக்கும்ல? தினமும் எடுக்கற பேக்கப்பைத் தேடினா, கிடங்கு காலி. பேக்கப் எடுக்கற மென்பொருளோட பதிப்பு டேட்டாபேஸ் பதிப்போட பொருந்தாததால, அது சத்தமில்லாம தோத்துக்கிட்டே இருந்திருக்கு. "தோத்துடுச்சு"ன்னு எச்சரிக்கிற மின்னஞ்சலும் போய்ச் சேரல. ஏற்பாடு ஒண்ணுக்கு மேல இருந்தும் எதுவும் உடனே கை கொடுக்கல. கடைசியா காப்பாத்தினது, சுமார் 6 மணி நேரம் முன்னாடி வேற ஒரு வேலைக்காக ஒருத்தர் கையால எடுத்து வெச்ச ஒரு நகல். அந்த 6 மணி நேரத் தரவு போனது போனதுதான். மீட்பு வேலையை யூடியூப்ல நேரலையா காட்டி, என்ன நடந்துச்சுன்னு முழு அறிக்கையையும் வெளியிட்டாங்க.

பெரிய நிறுவனத்துக்கே இப்படின்னா நாம எம்மாத்திரம்னு சொல்ல இந்தக் கதையைச் சொல்லல. திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பிக்கைன்னு சொல்லலாம், பேக்கப்னு சொல்ல முடியாது. டவுன்லோட் பண்ணதை உங்க லேப்டாப்புல ஓட்டிப் பாருங்க. ஓடினா, ரெண்டு வேலை ஒண்ணா முடிஞ்சுது: பேக்கப்பும் சோதிச்சாச்சு, வேலை செய்யற இடமும் தயார்.

லேப்டாப்புல ஒரு குட்டி சர்வர்

வெறும் எச்டிஎம்எல் பக்கம்னா டபுள் கிளிக் பண்ணா பிரவுசர்ல திறந்துடும். பிஎச்பி அப்படி இல்ல. அதை ஓட்ட ஒரு சர்வர் வேணும். எக்ஸாம்ப் மாதிரி ஒரு மென்பொருளைப் போட்டா, அப்பாச்சி, பிஎச்பி, டேட்டாபேஸ் மூணும் ஒரே பெட்டியில வந்துடும். பிரவுசர்ல 'லோக்கல்ஹோஸ்ட்'னு அடிச்சா, உலகத்துல உங்களுக்கு மட்டும் தெரியற ஒரு சைட். அங்க எத்தனை கமா வேணாலும் அழிக்கலாம், எந்தச் சித்திக்கும் நஷ்டம் இல்ல.

ஒரு விஷயம் கவனிங்க. உங்க லேப்டாப்புல இருக்கற பிஎச்பி பதிப்பும் சர்வர்ல இருக்கறதும் ஒண்ணா இருக்கணும். உதாரணமா, பிஎச்பி 8ல 'மேட்ச்'னு ஒரு புது வசதி வந்துச்சு. அதை லேப்டாப்புல எழுதினா ஜோரா ஓடும். சர்வர்ல 7.4 இருந்தா, அதே வெள்ளைப் பக்கம். ஹோஸ்டிங் கன்ட்ரோல் பேனல்ல பதிப்பு எண் இருக்கும். பத்து நொடி வேலை, பார்த்துடுங்க.

தமிழ் எழுதறவங்களுக்குத் தனியா ஒரு கண்டம்

இது ஆங்கில டுடோரியல்கள்ல அதிகம் சொல்ல மாட்டாங்க, ஏன்னா அவங்களுக்கு இது நடக்காது.

தமிழ் எழுத்துகள் ஃபைல்ல யூடிஎஃப்-8 முறையில சேமிக்கப்படணும். அதுல நம்ம ஒவ்வொரு குறியீடும் 3 பைட் எடுத்துக்கும். பழைய நோட்பேட்ல ஒரு தமிழ் பக்கத்தைத் திறந்து 'ஆன்சி'ன்னு சேவ் பண்ணா, அந்த முறையில தமிழுக்கு இடமே இல்ல. அதனால ஒவ்வொரு எழுத்தும் ஒரு கேள்விக்குறியா மாறிடும். இது காட்சிப் பிழை இல்லைங்க. எழுத்தே போயிடும். அந்தக் கேள்விக்குறிக்குப் பின்னால 'அ' இருந்துச்சா 'ழ' இருந்துச்சான்னு யாராலும் திருப்பிக் கண்டுபிடிக்க முடியாது. விண்டோஸ் 10ல 2019க்கு வந்த ஒரு அப்டேட்லேருந்துதான் நோட்பேட் புது ஃபைலை யூடிஎஃப்-8லயே சேமிக்க ஆரம்பிச்சுது. பழைய கம்ப்யூட்டர், பழைய ஃபைல் ரெண்டும் இன்னும் நிறைய இருக்கு.

இன்னொண்ணு, 'பாம்'னு ஒரு சமாச்சாரம். யூடிஎஃப்-8ல சேமிக்கும்போது சில எடிட்டர்கள் ஃபைலோட தலையில கண்ணுக்குத் தெரியாத 3 பைட்டைச் சேர்த்துடும். எச்டிஎம்எல்லுக்குப் பரவாயில்ல. பிஎச்பி ஃபைலுக்கு அது தொல்லை. உங்க கோட் பேச ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே அந்த 3 பைட் பிரவுசருக்குக் கிளம்பிடும். லாகின், குக்கீ எல்லாம் சொதப்பும், எங்க தேடினாலும் தப்பு தெரியாது. விஎஸ் கோட் மாதிரி ஒரு எடிட்டர்ல வேலை செஞ்சா, கீழ்ப் பட்டையில எந்த முறையில சேமிக்குதுன்னு தெரியும். வெறும் 'யூடிஎஃப்-8'னு இருக்கணும். 'வித் பாம்'னு வால் இருக்கக் கூடாது.

அப்புறம் ஃபைல் பேர். விண்டோஸ்ல பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒண்ணுதான். சர்வர் பெரும்பாலும் லினக்ஸ். அதுக்கு ரெண்டும் வேற வேற. 'லோகோ'ங்கற படத்தோட முதல் எழுத்து உங்க ஃபைல்ல பெருசா, கோட்ல சின்னதா இருந்தா, லேப்டாப்புல படம் தெரியும், சர்வர்ல உடைஞ்ச சதுரம்தான் தெரியும். ஃபைல் பேரெல்லாம் சின்ன எழுத்துல, நடுவுல இடைவெளி இல்லாம வைக்கப் பழகுங்க.

கிட்: காலயந்திரம் இலவசம்

லினக்ஸ் உருவாக்கின லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ல எழுதினதுதான் கிட். இது பெரிய கம்பெனி ஆட்களுக்கு மட்டும்னு நினைச்சு நான் ரொம்ப நாள் தள்ளிப் போட்டேன். தேவையே இல்லாத பயம். தனி ஆளா, இன்டர்நெட் கூட இல்லாம, உங்க ஃபோல்டருக்குள்ளயே கிட் ஓடும்.

அது செய்யறது எளிமையானது. நீங்க "இந்த நிலையை ஞாபகம் வெச்சுக்கோ"ன்னு சொல்ற ஒவ்வொரு தடவையும் ஒரு நினைவுப் புள்ளி வைக்கும். அப்புறம் எப்ப வேணாலும் "போன தடவைக்கும் இப்பவுக்கும் என்ன வித்தியாசம்?"னு கேட்கலாம். அன்னைக்கு ராத்திரி அந்த ஃபோல்டர் கிட்ல இருந்திருந்தா, ஒரே கட்டளையில "ஒரு வரி மாறியிருக்கு: 380 போய் 420 வந்திருக்கு, ஒரு கமா காணோம்"னு எனக்குக் காட்டியிருக்கும். கதையே இல்ல.

ரெண்டு எச்சரிக்கை. ஒண்ணு, பாஸ்வேர்ட் இருக்கற ஃபைலை கிட்ல சேர்க்காதீங்க. 'கிட்இக்னோர்'னு ஒரு பட்டியல் இருக்கு, அதுல அந்த ஃபைல் பேரை எழுதிடுங்க. ஒரு தடவை சேர்த்துட்டா, அப்புறம் அழிச்சாலும் வரலாற்றுல உக்காந்திருக்கும். அப்படி ஆகிட்டா, பாஸ்வேர்டையே மாத்துறதுதான் வழி. ரெண்டு, உங்க ஃபோல்டருக்குள்ள புள்ளியில ஆரம்பிக்கற ஒரு மறைவான கிட் ஃபோல்டர் இருக்கும். அதை சர்வரோட பொது ஃபோல்டருக்கு ஏத்திடாதீங்க. அது போச்சுன்னா, உங்க சைட்டோட முழுக் கோடையும் வரலாறோட சேர்த்து வெளி ஆள் எடுத்துடலாம்.

எந்த வழியா அனுப்பறது?

எஃப்டிபின்னு கேள்விப்பட்டிருப்பீங்க. அதோட முதல் வடிவத்தை 1971 ஏப்ரல்ல எழுதினவர் அபய் பூஷண். கான்பூர் ஐஐடியோட முதல் அணியில படிச்சுட்டு, அமெரிக்காவுல எம்ஐடியில இருந்தவர். இன்னைக்கு நாம பார்க்கற இணையம் பிறக்கறதுக்குப் பல வருஷம் முன்னாடி. அப்போ நெட்வொர்க்ல இருந்தது சில பல்கலைக்கழகங்களும் ஆய்வகங்களும்தான். ஒருத்தரை ஒருத்தர் நம்பின காலம். அதனால சாதாரண எஃப்டிபி பாஸ்வேர்டைப் போஸ்ட்கார்டுல எழுதின மாதிரி அப்படியே அனுப்பும். வழியில இருக்கற யார் வேணாலும் படிக்கலாம்.

1995ல ஃபின்லாந்துல, ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்ல இப்படித்தான் பாஸ்வேர்டுகளை யாரோ ஒட்டுக்கேட்டாங்க. அங்க இருந்த டாட்டு யுலோனென் அதுக்குப் பதிலா எழுதினதுதான் எஸ்எஸ்எச். எல்லாத்தையும் பூட்டி அனுப்பற சுரங்கப்பாதை. அதுக்குள்ள ஃபைல் அனுப்பறதுக்குப் பேர்தான் எஸ்எஃப்டிபி. பேர் ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளுக்குள்ள வேற ஆள். 2021ல ஃபயர்ஃபாக்ஸ், குரோம் ரெண்டுமே பழைய எஃப்டிபியைத் தங்கள் பிரவுசர்லேருந்து கழட்டிட்டாங்க.

அதனால ஃபைல்ஜில்லாவோ வின்எஸ்சிபியோ எதுவானாலும், இணைப்பு வகையில எஸ்எஃப்டிபின்னு தேர்ந்தெடுங்க. வழக்கமா எஃப்டிபிக்குப் போர்ட் 21, எஸ்எஃப்டிபிக்கு 22. உங்க ஹோஸ்டிங்ல எஸ்எஃப்டிபி இல்லன்னா, டிஎல்எஸ் பூட்டு போட்ட எஃப்டிபி இருக்கான்னு கேளுங்க. அதுவும் இல்லன்னா ஹோஸ்டிங்கை மாத்துற நேரம் வந்தாச்சு.

முதல் தடவை எஸ்எஃப்டிபியில இணையும்போது, "இந்த சர்வரோட கைரேகை இது, நம்பலாமா?"ன்னு ஒரு பெட்டி வரும். எல்லாரும் பார்க்காம ஓகே அடிப்போம். முதல் தடவை கன்ட்ரோல் பேனல்ல போட்டிருக்கற கைரேகையோட ஒப்பிட்டுப் பாருங்க. அதைவிட முக்கியம், பல மாசம் கழிச்சு ஒரு நாள் திடீர்னு "கைரேகை மாறிடுச்சு"ன்னு எச்சரிக்கை வந்தா நிறுத்துங்க. சர்வரை மாத்தியிருக்கலாம். இல்லன்னா, நடுவுல யாரோ நிக்கலாம். ஹோஸ்டிங் ஆட்கள்கிட்ட கேட்காம முன்னாடி போகாதீங்க. காபி கடை வைஃபையில உக்காந்திருந்தா இன்னும் கவனம்.

பாஸ்வேர்டை மென்பொருள்லயே சேமிக்கறவங்க, ஃபைல்ஜில்லாவுல மாஸ்டர் பாஸ்வேர்ட் வசதியைப் போட்டு வைங்க. இல்லன்னா, லேப்டாப்புல ஒரு வைரஸ் நுழைஞ்சா அது எளிதா படிச்சுட்டுப் போயிடும்.

அப்லோட்: மெதுவா, கொஞ்சமா, வரிசையா

மொத்த ஃபோல்டரை இழுத்துப் போடாதீங்க. மாத்தின ஃபைலை மட்டும் அனுப்புங்க. எது மாறிச்சுன்னு ஞாபகம் இல்லன்னா, ஃபைல்ஜில்லாவுல ரெண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுக் காட்டற வசதி இருக்கு. சர்வர்ல உங்ககிட்ட இருக்கறதைவிடப் புதுசா ஏதாவது ஃபைல் இருந்தா, கை வைக்காதீங்க. நீங்க இல்லாத நேரத்துல யாரோ அல்லது ஏதோ அதை மாத்தியிருக்கு. முதல்ல அதைக் கீழ இறக்கிப் பாருங்க.

"மேலெழுதவா?"ன்னு கேட்கற பெட்டி எரிச்சலா இருக்கும். அது நண்பன். ஒவ்வொரு தடவையும் ரெண்டு ஃபைலோட தேதியையும் அளவையும் காட்டும். சர்வர்ல இருக்கறது 9 கேபி, நீங்க அனுப்பறது 1 கேபின்னா, ஏதோ இடிக்குது. அன்னைக்கு அந்த டிக் போடாம இருந்திருந்தா, ஆர்டர் ஃபைலுக்கு அந்தப் பெட்டி என்னை ஒரு நொடி நிறுத்தியிருக்கும்.

வரிசையும் முக்கியம். புதுப் பக்கம் ஒரு புதுப் படத்தையும் புது சிஎஸ்எஸ்ஸையும் கூப்பிடுதுன்னா, படமும் சிஎஸ்எஸ்ஸும் முதல்ல போகணும், பக்கம் கடைசியில. விருந்தாளி வர்றதுக்கு முன்னாடி இலை போடணும்ல, அது மாதிரி.

இணைப்பு பாதியில அறுந்தா என்ன ஆகும்? எஃப்டிபி வழக்கமா பழைய ஃபைல் மேலயே எழுதும். பாதி எழுதினதும் நெட் போச்சுன்னா, சர்வர்ல இருக்கறது பாதி ஃபைல். அதுக்கு ஒரு சுலபமான வழி: புது ஃபைலை வேற தற்காலிகப் பேர்ல முழுசா ஏத்துங்க. ஏறினதும் பழசை நகர்த்திட்டுப் புதுசுக்குப் பேர் மாத்துங்க. பேர் மாத்துறது கண் சிமிட்டற நேரம். ஆர்சிங்க்னு 1996ல வந்த ஒரு கருவி இதைத் தானாவே செய்யும். மாறின பகுதியை மட்டும் அனுப்பும். ஆனா அதுல 'டெலிட்'னு ஒரு விருப்பம் இருக்கு. உங்ககிட்ட இல்லாததை எல்லாம் சர்வர்லேருந்து அழிச்சுடும். முதல்ல 'ட்ரை ரன்' கொடுங்க. எதையும் தொடாம, என்ன செய்யப் போறேன்னு மட்டும் சொல்லும். பட்டியலைப் படிச்சுட்டு அப்புறம் நிஜமா ஓட்டுங்க.

பழைய ஃபைலை 'பேக்'னு வால் சேர்த்து அதே இடத்துல விடற பழக்கம் நிறைய பேருக்கு இருக்கு. பிஎச்பி ஃபைலோட வால் மாறினா, சர்வர் அதை ஓட்டாது. எழுத்து எழுத்தாக் கேட்டவங்களுக்கு அனுப்பிடும். வேர்ட்பிரஸோட கான்ஃபிக் ஃபைலுக்கு இப்படிச் செஞ்சா, உங்க டேட்டாபேஸ் பாஸ்வேர்டை நீங்களே வாசல்ல ஒட்டின மாதிரி. பழசை பொது ஃபோல்டருக்கு வெளிய நகர்த்துங்க.

அனுமதி எண்கள் பத்தி ஒரு வரி. வழக்கமா ஃபோல்டருக்கு 755, ஃபைலுக்கு 644. ஏதோ வேலை செய்யலன்னா "777 போடு"ன்னு யாராவது சொல்வாங்க. அந்த சர்வர்ல இருக்கற யார் வேணாலும் உங்க ஃபைலை மாத்தலாம்னு அதுக்கு அர்த்தம். போடாதீங்க.

கடைசியா, நேரம். ராத்திரி பதினொன்றே முக்கால் தப்பான நேரம். வெள்ளிக்கிழமை சாயங்காலமும் அப்படித்தான். ஏத்தின பிறகு ஒரு மணி நேரம் உக்காந்து கவனிக்க முடியற நேரம்தான் சரியான நேரம்.

ஏத்தியாச்சு. முடிஞ்சுதா?

முடியல. பிரவுசர் பழைய பக்கத்தை ஞாபகம் வெச்சிருக்கும். கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூணையும் சேர்த்து அழுத்திப் புதுசா இழுங்க. அப்புறம் போன்ல, வைஃபையை அணைச்சுட்டு, மொபைல் டேட்டாவுல திறங்க. முகப்பை மட்டும் பார்க்காதீங்க. படிவத்தை நிரப்பி ஒரு ஆர்டர் போட்டுப் பாருங்க. வாடிக்கையாளர் நடக்கற பாதையில நீங்க நடக்கணும்.

வெள்ளைப் பக்கம் வந்தா ஊகிக்காதீங்க. ஹோஸ்டிங் பேனல்ல 'எரர் லாக்'னு ஒண்ணு இருக்கும். எந்த ஃபைல், எத்தனாவது வரியில தடுக்கி விழுந்துச்சுன்னு அதுல எழுதியிருக்கும். எனக்கு அது இருக்கறதே அன்னைக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அந்தக் கமா ரெண்டு நிமிஷ வேலை.

அஞ்சு நிமிஷத்துல சரியாகலன்னா, வீரம் காட்டாம பழைய ஃபைலைத் திரும்பப் போடுங்க. மொத்த ஃபோல்டரை இல்ல, அந்த ஒரு ஃபைலை. சைட் ஓடட்டும். தப்பை லேப்டாப்புல நிதானமா தேடலாம்.

சரி, அந்த 43 ஆர்டர்?

ராத்திரி ஒண்ணரை மணிக்கு சித்திக்குப் போன் பண்ணேன்.

"சித்தி, ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"என்னடா இந்நேரத்துல? யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் இல்ல சித்தி. ஆர்டர் எல்லாம் அழிஞ்சு போச்சு."

கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம், "காலையில வா. சாப்பிட்டுட்டு உக்காந்து பாப்போம்"னாங்க. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

ஹோஸ்டிங்ல வாரம் ஒரு தடவை எடுத்த பேக்கப் இருந்துச்சு. அதுலேருந்து 26 ஆர்டர் கிடைச்சுது. மிச்சம் 17. சித்தியோட போன்ல, முன்பணம் கட்டினவங்களோட யூபிஐ மெசேஜ் ஒவ்வொண்ணா நகர்த்திப் பார்த்து, ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு, "அக்கா, எத்தனை கிலோ சொல்லியிருந்தீங்க?"ன்னு கேட்டோம். 14 பேர் கிடைச்சாங்க. மிஞ்சினது 3 பேர். பணம் கட்டல, பேர் தெரியல, நம்பர் தெரியல.

அந்த மூணு ஆர்டருக்கும் ஒரு ஊகத்துல சித்தி கூடுதலா மாவு அரைச்சு வெச்சாங்க. தீபாவளிக்கு முந்தின நாள் ரெண்டு பேர் அவங்களாவே கூப்பிட்டாங்க. மூணாவது ஆள் கூப்பிடவே இல்ல. வேற கடையில வாங்கிட்டாங்களோ, இல்ல, ஆர்டர் போட்டுட்டோம், வீடு தேடி வரும்னு காத்திருந்து ஏமாந்தாங்களோ, இன்னைக்கு வரைக்கும் எங்களுக்குத் தெரியாது. அந்த டப்பாவை சித்தி பொங்கல் வரைக்கும் எடுத்து வெச்சிருந்தாங்க.

இப்போ ஆர்டர் எல்லாம் டேட்டாபேஸ்ல, தினமும் ராத்திரி ஒரு நகல் என் லேப்டாப்புக்கு வருது. மாசம் ஒரு தடவை அதைத் திறந்து ஓட்டிப் பார்க்கறேன். விலை மாத்தணும்னு சித்தி சொன்னா, முதல்ல லோக்கல்ஹோஸ்ட்லதான் மாத்தறேன். ஆனா அவங்க அதையெல்லாம் நம்பல. ஒவ்வொரு ஆர்டரையும் ஒரு நோட்டுல பேனாவால எழுதி வெச்சுக்கறாங்க. அதுவும் பேக்கப்தான். திறந்து பார்க்கற பேக்கப்.

உங்க சைட் எதுவா இருந்தாலும், இந்த எபிசோடை மூடினதும் ஒரே ஒரு வேலை பண்ணுங்க. சர்வர்ல இருக்கறதையும் டேட்டாபேஸையும் இறக்கி, தேதி போட்டு வைங்க. மிச்சத்தை நாளைக்கு ஆரம்பிக்கலாம். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.